காதில் ஊதினால் போதும்

கொஞ்சம் நகந்து உக்காரு தாயி. ஜன்னல் பக்கம் நீயே இருந்துக்க, எனக்கு எதிர்காத்து ஆகாது. இந்தக் கூடைய மட்டும் கால்மாட்டுல வச்சுக்கிடுறேன். நாத்தம் வருதா? நெத்திலிக் கருவாடு. எம் மகளுக்கு உசுரு. முருங்கைக்கீரை இருக்கு, அரப்புப் பொடி இருக்கு. டவுன்ல கெடக்கிறவளுக்கு இதெல்லாம் யார் குடுப்பா?

டிக்கெட்டா கண்டக்டரே? முன்னால எடுத்தாச்சு. அந்தா, மஞ்சச் சட்டை போட்டவரக் கேளுங்க.

நீ திருச்சிதானா? அங்கனயே வீடா? அப்ப நல்லதாப் போச்சு. உங்கிட்ட ஒரு எடம் கேக்கணும், அப்புறமாக் கேக்குறேன். அது என்ன புஸ்தகம்? கவிதையா? கவிதைன்னா மூடி வச்சிரு தாயி. கோவிச்சுக்கிடாத. கவிதைன்னு காதுல விழுந்தாலே எனக்கு இப்ப அடிவயிறு எரியுது.

எம் மகளும் எழுதுறவதான். அழகுமீனான்னு பேரு. டீச்சரு. அவ அப்பா போகையில அவ இடுப்புப் புள்ள. களையெடுத்து, கருது அறுத்து, கல்யாண வீட்டுக்கு வெங்காயம் உரிச்சு வளத்தேன். நான் கஞ்சியக் குடிச்சுட்டு அவளுக்குச் சோறு போட்டேன். அப்படி வளத்தவ, மேடையில ஏறி, மைக்க வச்சு, நூறு பேருக்கு முன்னால என் மானத்த வாங்கிட்டா. வளத்த கடா மார்புல பாஞ்சதுன்னு சொல்லுவாகல்ல, அது எனக்குன்னே சொல்லி வச்சது.

கடான்னதும் ஞாபகம் வருது. கடாவுல இருந்துதான் தாயி எல்லாம்.

அவளுக்குப் பத்து வயசு இருக்கையில ஒரு காய்ச்சல் வந்துச்சு. சாதாக் காய்ச்சல் இல்ல. கண்ணு மேல செருகிருச்சு, என்னைய அடையாளம் தெரியல அவளுக்கு. ஆஸ்பத்திரி வராந்தாவுல தலையில கைய வச்சு உக்காந்து எங்க கருப்பசாமிகிட்டக் கேட்டேன். அய்யா, எம் புள்ளைய எனக்குத் திருப்பிக் குடுத்துரு, உனக்கு ஒரு கெடா வெட்டிப் பொங்க வைக்கிறேன். கேட்ட மறுநாளு புள்ள எந்திரிச்சு இட்லி கேட்டா. சாமி குடுத்த வாக்கக் காப்பாத்திருச்சு. நாம காப்பாத்த வேணாமா?

ஒரு கருங்குட்டி வாங்கி, காத லேசா நறுக்கி, சாமிக்குன்னு நேந்துவிட்டேன். அவதான் அதுக்குக் கருப்பட்டின்னு பேரு வச்சா. நேந்துவிட்ட கெடாவுக்குப் பேரு வைக்கக் கூடாதும்பாக. புள்ள ஆசைப்படுதேன்னு விட்டேன். நான் விட்டதுக்கெல்லாம் சேத்துத்தான் இப்ப அனுபவிக்கிறேன்.

ரெண்டும் ஒண்ணாத்தான் வளந்துச்சு. நானும் பாசமாத்தான் இருந்தேன், இல்லைங்கல. அதுக்குக் கழனித்தண்ணி வைக்காம நான் வாயில பருக்கை வச்சதில்ல. மழை வந்தா வீட்டுக்குள்ளதான், என் கோரைப்பாயிலதான் படுக்கும். புள்ளைக்கு ஒரு பழக்கம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையக் கூடக் கழட்டாம அதோட காதுல உஃப்புன்னு ஊதுவா. அது தலைய ஆட்டி, ஒடம்ப ஒரு சிலுப்பு சிலுப்பும் பாரு, இவ விழுந்து விழுந்து சிரிப்பா. அவ ஊதுனாத்தான் ஆட்டும். நானும் ஊதிப் பாத்திருக்கேன், மூஞ்சியத் திருப்பிக்கிடும். சரியான அழுத்தம்.

வெட்டப் போறோம்னு அவளுக்குத் தெரியாதாங்கிற? சாமிக்குன்னு தெரியும். சாமிகிட்டக் கொண்டு போயி விட்டுட்டு வருவோம்னு நெனச்சிருக்கு. அங்க போனாக் கருப்பட்டிக்குப் பச்சப் புல்லு கெடைக்குமாம்மான்னு கேட்டுச்சு. கெடைக்கும்னேன். சந்தோசமா இருந்துட்டுப் போகட்டுமே, எதுக்கு முன்கூட்டியே அழ வைக்கணும்?

கோயிலுக்குப் போனோம். எந்தம்பி தவசிதான் முன்னால நின்னு எல்லாஞ் செஞ்சான். சொந்தபந்தம் பூராம் வந்தாச்சு. உலை கொதிக்குது, மசாலா அரைச்சு வச்சாச்சு. கெடாவுக்கு மாலையப் போட்டு மஞ்சத்தண்ணியத் தெளிச்சாக. எங்க வழக்கத்துல ஒண்ணு இருக்கு தாயி. தண்ணி தெளிச்சதும் கெடா தலைய ஆட்டிச் சிலுப்பணும். அதுதான் உத்தரவு. சாமியும் சரின்னுட்டாரு, கெடாவும் சரின்னுருச்சுன்னு அர்த்தம். ஆட்டாம அருவாள ஓங்கக் கூடாது. பாவம் வந்து சேரும். நாங்க ஒண்ணும் ஈவு எரக்கம் இல்லாதவுக இல்ல.

கருப்பட்டி ஆட்டல.

மறுபடி தெளிச்சாக. ஆட்டல. கொடத்தோட ஊத்துனாக. தண்ணி சொட்டச் சொட்ட அப்படியே நிக்கிது, எங்குட்டோ பாத்துக்கிட்டு. பூசாரி என்னையப் பாக்குறாரு. "ஆத்தா, வேண்டுதல்ல ஏதோ கொற இருக்கு"ங்கிறாரு. கூட்டத்துல முணுமுணுன்னு பேச்சு. பசி வேற. புருசன் இல்லாதவ பொங்க வச்சா சாமி எப்படி ஏத்துக்கிடும்னு ஒருத்தி சொன்னது என் காதுலயே விழுந்துச்சு. தம்பி கிட்ட வந்து, "அக்கா, என்னக்கா செய்யப் போற? மானம் போகுது"ங்கிறான்.

எனக்குச் சட்டுன்னு ஒரு யோசனை. கூட்டத்துக்குப் பின்னாடி நின்ன புள்ளையப் போயிக் கூட்டியாந்தேன். "மீனா, கருப்பட்டி பயந்து போயி நிக்கிது. நீ போயி காதுல ஊதுனாத் தெளிஞ்சிரும், போத்தா"ன்னேன். பொய்யா சொன்னேன்? பயந்து போயித்தான நின்னுச்சு?

புள்ள ஓடுச்சு. கழுத்தக் கட்டிக்கிட்டு ஏதோ பேசுச்சு. அப்புறம் உஃப்புன்னு ஊதுச்சு. கருப்பட்டி அவளப் பாத்துத் தலைய ஆட்டி, ஒடம்பு பூராம் ஒரு சிலுப்பு. மஞ்சத்தண்ணி எங்க மூஞ்சியெல்லாம் தெறிச்சுச்சு. பொம்பளைக கொலவை போட்டாக. நான் ஒரே எட்டுல புள்ளைய இழுத்து, அவ மூஞ்சிய என் முந்தானைக்குள்ள பொத்திக்கிட்டேன். சின்னப்புள்ள ரத்தம் பாக்கக் கூடாதுல்ல. அந்த நேரத்துலயும் எனக்கு அவ நெனப்புத்தான்.

அன்னைக்கு என்னையப் பாராட்டாத ஆளு இல்ல. அக்கா மூளைக்காரின்னு தம்பி ஊரெல்லாம் சொன்னான். எனக்கும் மனசு கேக்கலதான். நான் கறி எடுத்துக்கிடல தாயி, சத்தியமா. கொழம்பு மட்டும்தான் ஊத்திக்கிட்டேன். அவளுக்கு மட்டும் ஈரலாப் பொறுக்கி எடுத்து ஊட்டுனேன். வேண்டாம்னு பல்லக் கடிச்சுக்கிட்டா. அவ உசுருக்காக வெட்டுனது, அவ ஒரு வாயாவது திங்காம இருந்தா வேண்டுதல் பலிக்குமா? மூக்கப் பிடிச்சு ஊட்டுனேன். கொஞ்ச நாளு எங்கூடப் பேசல. அப்புறம் சரியாப் போச்சு. புள்ளைக மறந்துரும்ல.

மறந்துட்டான்னுதான் நெனச்சேன்.

அந்தா பாரு, மஞ்சச் சட்டைக்காரரு தண்ணி பாட்டிலு குடுத்துவிடுறாரு. தெரிஞ்சவருதான். வாங்கி இங்கிட்டுக் குடு. நீயும் ஒரு வாயி குடி. வேண்டாமா? சரி.

போன மாசம் அவளுக்கு ஏதோ பரிசுன்னு திருச்சில விழா. மதுரை மாட்டுத்தாவணி வரைக்கும் அவளே வந்து கூட்டிட்டுப் போனா. எனக்கு அரக்குக் கலர்ல சேலை எடுத்து வச்சிருந்தா. மொத வரிசையில உக்கார வச்சா. பக்கத்துல ஒரு படிச்ச அம்மா, "நீங்கதான் அவங்களப் பெத்தவங்களா"ன்னு என் கையப் பிடிச்சுக்கிட்டாங்க. எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு தாயி. களையெடுத்த கைய அவுக பிடிக்கிறாகளேன்னு.

இவ எந்திரிச்சுப் போயிக் கவிதை படிச்சா. கருப்பட்டின்னு ஆரம்பிச்சா. அட, நம்ம கருப்பட்டின்னு நான் சிரிச்சேன். பக்கத்துல இருந்த அம்மாகிட்ட, "எங்க வீட்டு ஆடுதாங்க"ன்னு பெருமையாச் சொன்னேன். அம்புட்டு ஏமாளி நானு. கேளு, எனக்கு மனப்பாடம். ஊருல அம்புட்டுப் பயலுக போன்லயும் இதுதான் ஓடுது.

'அவன் தலையாட்ட மறுத்தான்.
அம்மா என்னை அனுப்பினாள்.
என் மூச்சை அவன் நம்பினான்.'

இம்புட்டு வரைக்கும் கூட நான் பொறுத்துக்கிட்டேன். நடந்ததுதான. அதுக்கு மேலதான் சண்டாளி போட்டா பாரு.

'பத்து ஆண்டு கழித்து
அம்மா என் காதருகே குனிந்தாள்.
அவள் மூச்சில், எனக்கு ஊட்டிய சோற்றின் வாசம்.
நானும் நம்பினேன்.
மணமேடையில்
பட்டு வேட்டி கட்டி உட்கார்ந்திருந்தது அரிவாள்.'

கை தட்டுறாக தாயி! எம் பொழப்ப நடுத்தெருவுல இழுத்துப் போட்டதுக்குக் கை தட்டுறாக. என் கையப் பிடிச்சுக்கிட்டு இருந்த அந்த அம்மா மெதுவா அவுக கைய எடுத்துக்கிட்டாங்க. அதை எப்படி மறப்பேன் நானு?

தலைமை தாங்குனவரு எந்திரிச்சாரு. "மனுசனுக்குள்ள அன்பும் கொடூரமும் ஒரே தட்டுல சாப்புடுது, அதை இந்தக் கவிதை சொல்லுது"ன்னாரு. எங்க வீட்டுத் தட்டுல என்ன இருந்துச்சுன்னு இவரு எப்ப வந்து பாத்தாரு? கஞ்சிக்குத் தொட்டுக்கிட ஊறுகா இல்லாம கெடந்தோமே, அப்ப எங்க போனாரு?

அப்படி என்ன பண்ணிட்டேன் நானு? கல்யாணம் பண்ணி வச்சேன். அது குத்தமா? எந்தம்பி மகன் சேதுபாண்டிக்குக் கேட்டாக. புருசன் போனதுல இருந்து எனக்கு ஒரு ஆம்பளைத் தொணைன்னா அது எந்தம்பிதான். அவன் வாய விட்டுக் கேக்கையில எப்படி முடியாதுங்கிறது? இவ மாட்டேன்னா. குடிப்பான்னா. சின்ன வயசுலயே ஓணானக் கட்டிவச்சு அடிப்பான்மா, எனக்குப் பயமா இருக்குன்னா. ஆம்பளப் புள்ளைக ஓணான் அடிக்காம என்ன செய்யும்?

நான் அதட்டல, அடிக்கல. ஒரு வெள்ளிக்கெழம எண்ணெ தேச்சுத் தலைக்கு ஊத்திவிட்டேன். சாம்பிராணி போட்டேன். மடியில படுக்கப் போட்டு முடியக் கோதிக்கிட்டே காதுகிட்டக் குனிஞ்சு சொன்னேன். "அம்மாவுக்காக ஒத்துக்கத்தா. வாயத் தொறந்து சரின்னு கூடச் சொல்ல வேணாம். ஒரு தலையாட்டு ஆட்டு, போதும்." ஆட்டுனா. கண்ணுல தண்ணி இருந்துச்சு. பொம்பளப் புள்ளைன்னா கல்யாணப் பேச்சுக்குக் கண்ணு கலங்கத்தான் செய்யும்.

மருமகன் தங்கமானவரு. கோவம் மட்டுந்தான் கொஞ்சம். கை நீளும். ஒருக்கா இவளுக்குக் கை ஒடிஞ்சு போச்சு, அதுவும் கதவு சாத்தையில இடுக்குல பட்டதுன்னு அவரே எங்கிட்டச் சொன்னாரு. ஒடிஞ்ச கையோட எங்கிட்டத்தான் வந்தா. புத்தூர்க் கட்டு கட்டி, நாட்டுக்கோழி ரசம் வச்சு, குளிப்பாட்டி, தலை சீவி, கைப்புள்ள மாதிரிப் பாத்துக்கிட்டேன். எலும்பு கூடிவந்ததும் நானே கூட்டிட்டுப் போயி அவரு வீட்டுல விட்டுட்டு வந்தேன். தனியாப் பஸ் ஏத்திவிடல தாயி. அப்படிப்பட்டவளா நானு? கூடவே போயி, வாசல்ல செருப்பக் கழட்டி வைக்கிற வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் வந்தேன்.

அங்கன இருந்துதான் ஒரு நாளு ஒருத்தருக்குஞ் சொல்லாமக் கெளம்பித் திருச்சிக்கு வந்துட்டா. எங்கிட்ட மட்டும் போன்ல சொன்னா. எடத்த ஒருத்தர்கிட்டயும் சொல்லிராதம்மா, உன்னைய நம்பித்தான் சொல்றேன்னா. சொல்லலையே நானு. இம்புட்டு நாளா வாயத் தொறக்கலையே. அதுக்கு எனக்குக் கெடச்ச மரியாதைதான் அந்தக் கவிதை.

விழா முடிஞ்சு அவ ரூமுக்குக் கூட்டிட்டுப் போனா. சோத்தப் போட்டு வச்சா, நான் தொடல. அவளே வந்து என் மடியில தலைய வச்சுப் படுத்துக்கிட்டா. "கோவமாம்மா? கடைசி வரியக் கேட்டியாம்மா?"ன்னா. இப்படிக் குத்தவும் செய்யிறா, மடியில வந்து படுக்கவும் செய்யிறா. என்ன புள்ள இது? ஆனா எங்கை சும்மா இருக்குமா, அது பாட்டுக்கு அவ முடியக் கோதுச்சு.

கடைசி வரியா? அதையுந்தான் கேளு.

'இன்றும் காய்ச்சல் கண்டால்
அந்தக் கையைத்தான்
தேடுகிறது நெற்றி.'

இதைத் தாயி, நான் ஊருக்கு வந்து நெனச்சு நெனச்சுப் பாத்தேன். ஊருல தலை காட்ட முடியல. எந்தம்பி வாசல்ல நின்னு சத்தம் போட்டான். "உம் மக எம் மகன அருவாங்கிறா, நீ வாயப் பொத்திக்கிட்டு இருக்க"ன்னான். தண்ணிக் கொழாயில பொண்டுக என்னையப் பாத்ததும் பேச்ச நிப்பாட்டிக்கிடுறாளுக. எல்லாத்தையும் தாங்கிக்கிட்டுக் கெடந்தவளுக்கு இந்தக் கடைசி வரி ஒண்ணுதான் தெம்பு குடுத்துச்சு. நெத்தி தேடுதாம்ல? அப்ப நான் கூப்புட்டா வருவாள்ல?

அதான் கெளம்பிட்டேன். கருப்பசாமிக்கு மறுபடியும் ஒரு வேண்டுதல் வச்சிருக்கேன். இவ புருசன் வீட்டுக்குத் திரும்பிட்டா ஒரு கெடா. குட்டி வாங்கிக் காதும் நறுக்கியாச்சு. இந்தத் தடவ பேரெல்லாம் கெடையாது.

சொல்லாமத்தான் போறேன். போன்ல சொன்னா ஸ்டாப்புல வந்து நிப்பா. அவரப் பாத்தாத் திரும்பி ஓடிருவா. எவரா? அவருதான் தாயி, மஞ்சச் சட்டை. எங்க மருமகன். இம்புட்டு நேரமாப் பேசுறேன், சொல்லலையா நானு? திரும்பிப் பாக்குறாரு பாரு. சிரிச்சா எம்புட்டு லெச்சணமா இருக்காரு. கோயில்ல சூடத்துல அடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்காரு, இனிமே குடிக்க மாட்டேன்னு. நேத்து எங்காலப் பிடிச்சு அழுதாரு. "அத்தே, எனக்குன்னா அவ தாழ்ப்பாளத் தொறக்க மாட்டா, உங்க கொரலுக்குத்தான் தொறப்பா"ன்னாரு. நெசந்தான. இந்த உலகத்துல அவ எங்கொரலுக்கு மட்டுந்தான் தொறப்பா.

தனியாவாம்மா வந்தேன்னு உள்ள இருந்து கேப்பா. ஆமான்னு சொல்ல வேண்டியதுதான். அவரு மாடிப்படிக்குக் கீழ நிக்கட்டும். கதவு தொறந்ததும் ஏறி வந்துக்கிடுவாரு. ஒரு நிமிசத்துப் பொய்யி, அதுவும் அவ நல்லதுக்குத்தான.

விழா அன்னைக்கு நான் அவ தோள்ல சாஞ்சு தூங்கிட்டே வந்துட்டேன், எந்த ஸ்டாப்புன்னு பாக்கல. ஏதோ நகர்னு சொன்னா, இங்க எல்லாமே நகராத்தான் இருக்கு. மெயின் ரோட்டுல எறங்குனா வேப்பமரம், அடியில ஒரு பிள்ளையாரு. எதிர்த்தாப்புலயே பெரிய தண்ணித் தொட்டி. அதுக்குப் பின்னாடி மாடி வீடு, கீழ தையக் கடை. பச்சக் கலர் கதவு.

ஏன் தாயி, மொகம் வெளுத்துப் போச்சு? பஸ்ஸு ஒத்துக்கிடலையா? எங்க எந்திரிக்கிற, உக்காரு. பாத்தா எம் மக கணக்கா இருக்க. சாப்புட்டியா?

தண்ணித் தொட்டின்னதும் உன் கண்ணு ஒருக்கா அங்கிட்டுப் போயிட்டு வந்துச்சே. உனக்குத் தெரியும் அந்த எடம். அந்தா, வேப்பமரம் ஒண்ணு வருது. இங்கதான? சொல்லு தாயி. வண்டி நிக்கப் போகுது, மருமகனும் எந்திரிச்சுட்டாரு, நீ என்ன சொல்றேன்னு உன்னையத்தான் பாக்குறாரு.

பேச முடியலையா? பரவால்ல. வாயத் தொறந்து சொல்லக் கூட வேணாம்த்தா. ஒரு தலையாட்டு ஆட்டு, போதும்.